கூத்து இரவுக்கு எஃப்/1.4 வேண்டுமா? ரேஞ்ச்ஃபைண்டருக்கு 35 மி.மீ. லென்ஸ் தேர்ந்தெடுப்பது குறித்து

கேள்வி: நான் குடியாத்தத்தில் வசிக்கும் ஆசிரியர். என்னிடம் வாய்க்ட்லேண்டர் பெஸ்ஸா ஆர்2ஏ கேமராவும் 50 மி.மீ. எஃப்/2 லென்ஸும் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எங்கள் பகுதிக் கைத்தறி வீடுகளையும், சுற்று வட்டாரத்தில் நடக்கும் பாரதக் கூத்தையும், விடுமுறை நாட்களில் வேலூர்க் கோட்டையையும் எடுத்து வருகிறேன். வீடுகளுக்குள் 50 மி.மீ. போதவில்லை, பின்னால் நகர இடமில்லாமல் சுவரில் முதுகு முட்டுகிறது. சென்னையில் ஒருவரிடம் பயன்படுத்திய நிலையில் இரண்டு லென்ஸுகள் விலைக்கு வந்துள்ளன: ஒன்று கலர்-ஸ்கோபார் 35 மி.மீ. எஃப்/2.5, மற்றது நோக்டன் கிளாசிக் 35 மி.மீ. எஃப்/1.4. இரண்டாவதன் விலை கணிசமாக அதிகம். இரவில் எடுப்பவனுக்கு எஃப்/1.4 தான் சரி என்கிறார் என் நண்பர். எதை வாங்குவது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், எஃப்/2.5 லென்ஸை வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் பெரிதாகத் திறக்கும், உள்ளே வரும் வெளிச்சம் கூடும்.) உங்கள் நண்பர் சொல்வது பொதுவாகத் தவறில்லை; ஆனால் நீங்கள் படமெடுக்கும் இடங்களில் எஃப்/1.4 உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்றுதான், அங்கேயும் அது தருவதில் பாதியை வேறொரு வழியில் திரும்பப் பறித்துக்கொள்கிறது. விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் உருவ அளவைப் பேசித் தீர்த்துவிடலாம். ரேஞ்ச்ஃபைண்டரில், அதாவது வியூஃபைண்டரில் தெரியும் இரு உருவங்களைப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் உங்களுடையது போன்ற கேமராவில், கண்ணாடி மேலெழும்பி இறங்கும் வேலை இல்லாததால், லென்ஸின் பின்பகுதி ஃபிலிமை நெருங்கி உட்கார முடியும். உங்கள் கேமராவின் எம் மவுண்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 27.8 மி.மீ. தான், உள்ளே கண்ணாடி உள்ள நிக்கான் எஸ்.எல்.ஆர். கேமராவில் இது 46.5 மி.மீ. அகலக் கோண லென்ஸுகள் இங்கே இவ்வளவு சிறியவையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. உங்கள் முன்னிருக்கும் இரண்டுமே சிறியவைதான். ஸ்கோபார் ஏறத்தாழ 134 கிராம், நோக்டன் ஏறத்தாழ 200 கிராம். சட்டைப்பையில் எதைப் போட்டாலும் பை தொங்கப் போவதில்லை. அரைக் கிலோவை நெருங்கும் பழைய 35 மி.மீ. எஃப்/1.2 நோக்டனைப் பற்றிக் கேட்டிருந்தீர்களானால், வியூஃபைண்டரின் கீழ் வலது மூலையை லென்ஸே மறைத்துக்கொள்வதை முதல் குறையாகச் சொல்லியிருப்பேன். தறியில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சட்டகம் அமைக்கும்போது, மிதிபலகையின் மேலிருக்கும் கால்கள் அந்த மூலையில்தான் வரும். கழுவிப் பார்க்கும் வரை அவை படத்தில் எப்படி விழுந்தன என்பது தெரியாது. இந்த எஃப்/1.4 லென்ஸில் அந்தத் தொல்லை சிறிதளவே. அதுவும் ஹூட் மாட்டினால்தான் கண்ணில் படும். ஆகவே எடையையும் நீளத்தையும் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவெடுக்க வேண்டியது வெளிச்சத்தை வைத்து. எஃப்/2.5-க்கும் எஃப்/1.4-க்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றே மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அதாவது மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான வெளிச்சம். அதை எங்கே செலவழிக்கப் போகிறீர்கள் என்பதே கேள்வி.

கோட்டையில் செலவழிக்க வழியில்லை. வெயிலூர் என்று கேலி செய்யப்படும் ஊரில், நண்பகலில் 400 ஃபிலிமுக்கு எஃப்/16-இல் 1/400 நொடி என்பது கணக்கு. உங்கள் கேமராவின் உச்ச வேகம் 1/2000 நொடி. அதில் வைத்தாலும் எஃப்/8-ஐ விடப் பெரிதாகத் திறக்க முடியாது. அகழி ஓரத்தில் எஃப்/1.4-உம் எஃப்/2.5-உம் ஒரே லென்ஸ்தான். ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பல ஸ்டாப் விழுந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் அங்கே முன் தூணிலுள்ள யாளியும், அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கும் தூண்களும் ஒருசேரத் தெளிவாக விழ வேண்டுமானால் எஃப்/5.6, எஃப்/8 என்று மூடியே ஆக வேண்டும். கல் அசையாது, நீங்கள் அசையாமலிருந்தால் போதும். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு நிறுத்தி, 1/15 நொடியில் 35 மி.மீ. லென்ஸால் எடுப்பது பழகினால் வந்துவிடும், குறிப்பாக ரேஞ்ச்ஃபைண்டரில், ஏனென்றால் உள்ளே அதிர்கிற கண்ணாடி இல்லை. இன்னொன்றும் உண்டு. முதல் பதிப்பு நோக்டன் கிளாசிக்கில் நேர்கோடுகள் ஓரங்களில் வெளிப்பக்கமாகச் சற்று வளையும். ஆள் முகத்தில் யாரும் கவனிக்கப் போவதில்லை. மதிலும் மண்டப உத்தரமும் நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

கைத்தறி வீட்டுக்கு வருவோம். ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்தும் வாசலிலிருந்தும் வரும் பகல் வெளிச்சத்தில், குழித்தறியில் அமர்ந்தவரின் முகத்தை நான் அளந்தபோதெல்லாம் ஐ.எஸ்.ஓ. 400-இல் எஃப்/2.8-க்கு 1/30 நொடிக்கு முன்பின்னாகவே கிடைத்திருக்கிறது. முகத்துக்கு அது போதும். ஊடு நூலைச் சுமந்து பாயும் நாடாவின் வேகத்தை உறையவைக்க 1/30 போதாது, ஆனால் எஃப்/1.4 வைத்து 1/125-க்கு ஏற்றினாலும் நாடா கோடாகத்தான் விழும். அது கோடாக விழுவதே அழகு என்பது என் சொந்த ரசனை. மேலும், முகம், கை, பாவு மூன்றும் சேர்ந்தால்தான் அது நெசவாளியின் படம். இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் எஃப்/2.5-இல் ஏறத்தாழ 50 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும்; எஃப்/1.4-இல் அது 28 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். முகம் கிடைத்து, கை கலங்கிப்போன படத்தை வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் என்ன சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி கூத்து. உங்கள் நண்பரின் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. இரவு என்பதும் இருட்டு என்பதும் ஒன்றல்ல. பெட்ரோமாக்ஸ் காலம் போய், இன்று பெரும்பாலான களரிகளில் (கூத்து ஆடும் களங்களில்) ஃபோகஸ் லைட்டுகள் எரிகின்றன. அந்த வெளிச்சத்துக்குள் நிற்கும் கட்டியங்காரனின் முகத்துக்கு 400 ஃபிலிமில் எஃப்/2.8, 1/60 நொடி என்பது பல இடங்களில் கிடைக்கிறது. விளக்கு அருகிலிருந்தால் 1/125-உம் கிடைக்கும். பிறகு ஏன் கூத்துப் படங்கள் கலங்குகின்றன? பெரும்பாலும் குற்றவாளி லென்ஸ் அல்ல, கேமராவின் மீட்டர். பெஸ்ஸா ஆர்2ஏ-வைத் தானியங்கி நிலையில் வைத்துவிட்டால், நடிகரைச் சுற்றியுள்ள கரிய வானத்தையும் சேர்த்து அளந்து, வெளிச்சம் மிகக் குறைவு என்று எண்ணி 1/15-க்கோ 1/8-க்கோ ஷட்டரை இறக்கிவிடும். வேடக்காரர் கிறுகிறுவென்று சுற்றி அடவு போடும் நேரத்தில் அந்த வேகத்தில் கிடைப்பது வெளிறிய ஒரு புகைமூட்டமே. எஃப்/1.4 வாங்கினாலும் அதே மீட்டர் அதே தவற்றைத்தான் செய்யும். ஆகவே முகத்தருகே சென்று, அல்லது உங்கள் உள்ளங்கையை அதே விளக்கொளியில் நீட்டி அளந்து, கிடைத்த அளவை விட ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் விட்டு, ஷட்டரைக் கையால் நிலைநிறுத்திவிடுங்கள். விளக்கு இரவு முழுவதும் மாறாது; நீங்களும் மாற்ற வேண்டியதில்லை. பதினெட்டாம் போரின் மறுநாள் படுகளம் பகலில் நடப்பதால் அதைப் பற்றிக் கவலையே இல்லை.

எஃப்/1.4 கைகொடுக்கும் அந்த ஒரே இடம், வேடம் கட்டும் கொட்டகை. ஒற்றைக் குண்டு பல்பின் கீழே, கையடக்கக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்துவைத்து அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும் ஒருவர், எஃப்/2.8-இல் 1/8 நொடிதான் தேறும். எஃப்/1.4 அதை 1/30 ஆக்கித் தருகிறது. அந்த இரண்டு ஸ்டாப்பின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கொட்டகைக்குள் நீங்கள் நிற்பது ஒரு மீட்டர் தூரத்தில். அங்கே எஃப்/1.4-இல் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 7 செ.மீ.; எஃப்/2.5-இல் 12 செ.மீ. கண் தெளிந்தால் காதோரம் போகும். தோளில் கட்டும் புஜகீர்த்தி எப்படியும் போகும். அவர் கண்ணாடியை நோக்கிச் சற்றுக் குனிந்தாலே கண்ணும் போய்விடும். இதைத்தான் முதலில் பாதியைப் பறித்துக்கொள்கிறது என்றேன். கூடவே, முழுதாகத் திறந்த நோக்டனில் விளிம்பிலுள்ள சீரியல் பல்புகள் புள்ளியாக விழாமல் சிறகு முளைத்தது போல விழும். சிலருக்கு அது பிடிக்கும்.

இதே கொட்டகையை எஃப்/2.5 லென்ஸால் எடுக்க வழி, ஃபிலிமை 1600-க்குத் தள்ளுவது, அதாவது 400 ஃபிலிமை 1600 என்று கொண்டு எடுத்து, கூடுதல் நேரம் கழுவுவது. இல்ஃபோர்டு ஹெச்.பி.5 பிளஸ் ஃபிலிமை 1600-இலும் 3200-இலும் கழுவுவதற்கான கால அளவைத் தயாரிப்பாளரே தருகிறார். 1600-இல் அதே பல்பின் கீழ் எஃப்/2.5-க்கு 1/30-ஐ விடச் சற்று வேகமாகவே கிடைக்கும். களரியில் 1/250 வரை போகலாம். விலை என்னவென்றால், நிழல்கள் வெறும் கறுப்பாகிவிடும், கிரெய்ன் (மணல் தூவியது போன்ற துகள்கள்) தெரியும். கூத்துக்கு இரண்டும் பொருந்தாதவை அல்ல என்பேன். ஒரு ரோல் முழுவதையும் அதே வேகத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதால், பகலில் கோட்டையில் தொடங்கிய ரோலை இரவில் தொடராமல் புது ரோல் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கழுவுபவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை: சித்திரை வைகாசியில் நம் ஊர்க் குழாயில் வரும் தண்ணீரே வெந்நீர்தான். டெவலப்பரை ஐஸ் தண்ணீரில் அமர்த்தி 20 டிகிரிக்கு இறக்காமல் அட்டவணைக் கால அளவைப் பின்பற்றினால் ஃபிலிம் அளவுக்கு மீறி வெந்துவிடும்.

எஃப்/1.4 லென்ஸை உங்கள் கேமராவில் துல்லியமாக ஃபோகஸ் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெஸ்ஸாவின் ரேஞ்ச்ஃபைண்டர் அடித்தளம் (தூரத்தை அளக்கும் இரு சாளரங்களுக்கு இடையிலுள்ள தூரம்; இது கூடக் கூடத் துல்லியம் கூடும்) 37 மி.மீ. தான், லைக்கா எம் வகையோடு ஒப்பிட்டால் குறைவு. ஆயினும் ஒரு லென்ஸ் எவ்வளவு துல்லியம் கேட்கிறது என்பதைக் குவிய நீளத்தின் வர்க்கத்தை எஃப் எண்ணால் வகுத்து ஒப்பிடலாம். உங்கள் 50 மி.மீ. எஃப்/2-க்கு அது 1250, 35 மி.மீ. எஃப்/1.4-க்கு 875, எஃப்/2.5-க்கு 490. முழுதாகத் திறந்த 50-ஐ இன்றுவரை சரியாக ஃபோகஸ் செய்துவருகிறீர்கள் என்றால் 35 எஃப்/1.4-உம் உங்கள் கைக்கு அடங்கும். நோக்டனில் பார்க்க வேண்டிய குறை வேறு: அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) மூட மூட அதன் ஃபோகஸ் பின்னோக்கி நகரும். வியூஃபைண்டரில் இரு உருவங்களும் பொருந்தி நிற்கும், படம் பொருந்தாது.

துணி ஷட்டர் உள்ள லைக்கா வைத்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு சொல். மூடியில்லாத லென்ஸ் முடிவிலியில் இருக்க, அது சூரியனை நோக்கினால் ஷட்டர் துணி பொசுங்கும். லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு விரைவாக. பாலாற்று மணலில் ஒரு மதியம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கதை பேசி நின்றதற்கு நான் கொடுத்த விலை, ஊசிமுனை அளவு துளையும் ஒரு மாதம் கேமராவைப் பிரிந்திருந்ததும். உங்களுடையது உலோக ஷட்டர். அந்தப் பயம் குறைவு.

கொட்டகைதான் என் படங்களின் மையம், களரியும் தறியும் பக்கவாட்டில் வருபவை என்று நீங்கள் கருதினால் மட்டும் நோக்டனை வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமானால் அல்ட்ரான் 35 மி.மீ. எஃப்/2 இருக்கிறது, ஏறத்தாழ 170 கிராம், ஸ்கோபாரைப் போலவே 39 மி.மீ. ஃபில்டர் ஏற்கும். விலை ஒத்துவந்தால் நானே அதைத்தான் எடுப்பேன்.

சென்னைக்குப் போகும்போது கையில் ஒரு சிறு டார்ச்சு எடுத்துச் செல்லுங்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து ஒளியைப் பாய்ச்சி முன்பக்கமிருந்து பார்த்தால், கடலோர ஈரப்பதத்தில் பிடித்த பூஞ்சை சிலந்தி நூல் போலத் தெரியும். தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை மின்னுகிறதா என்று பாருங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டிக்குள் கிடந்த லென்ஸுகளில் கிரீஸ் உருகி அங்கேதான் போய்ச் சேரும். நோக்டனை வாங்குவதென்றால், ஒரு வாரத்தில் திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு வாங்கி, வீட்டில் கட்டம் போட்ட கைலி ஒன்றை மேசைமேல் சுருக்கமின்றி விரித்து, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து சாய்வாக நோக்கி, ஏதேனும் ஒரு குறுக்குக் கோட்டின்மேல் சாக்பீஸால் குறி வைத்து அதில் ஃபோகஸ் செய்யுங்கள். வளையத்தைத் தொடாமல் எஃப்/1.4, 2, 2.8, 4 என்று நான்கு படங்கள் எடுத்துக் கழுவிப் பார்த்தால், தெளிவு குறியை விட்டு எத்தனை கட்டம் பின்னால் போகிறது என்பதைக் கைலியிலேயே எண்ணிக்கொள்ளலாம்.