ஆய்வேடு எழுதும் மகளுக்குத் தனி ஆசிரியர் இருக்கும்போது குழுப் பட்டறை எதற்கு?

கேள்வி: என் மகள் மதுரைக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கிராமத்துப் பெண்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் சேகரித்து ஆய்வேடு எழுதுகிறாள். ஞாயிறுதோறும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாகத் திருத்திக் கொடுக்கிறார். இப்போது அவள் துறையில், ஏழெட்டு மாணவர்கள் எழுதியதைச் சேர்ந்து வாசித்துப் பேசும் பட்டறை ஒன்றைப் புதன்கிழமை மாலைகளில் தொடங்கியிருக்கிறார்கள். அதற்குப் போனால் திருமங்கலம் திரும்ப இரவாகிறது. அவளுக்குக் கூச்சமும் இருக்கிறது. தட்டச்சுக் கடைக்காரரோ, 'அங்கே வாசித்தால் தலைப்பையே திருடிவிடுவார்கள்' என்கிறார். இது தேவைதானா?

பதில்: தேவைதான். ஞாயிற்றுக்கிழமைப் பாடமும் தொடரட்டும். புதன்கிழமைப் பட்டறைக்கும் அவர் போகட்டும்.

தனி ஆசிரியர் செய்வதைக் குழுவால் செய்ய முடியாது. நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுவதால், 'வாளப்பளம்' என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் எழுதும்போது தடுமாறுவார்கள். ஒற்று எங்கே மிகும், அடிக்குறிப்பை எப்படி அமைப்பது என்பவற்றையெல்லாம் அருகில் அமர்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். சந்திப் பிழையை வாக்கெடுப்பில் தீர்க்க முடியாது. ஆனால் அதே ஆசிரியருக்கு நான்காவது வாரத்திலேயே உங்கள் மகள் என்ன சொல்ல வருகிறார் என்பது பழகிப்போயிருக்கும்; தாளில் விடுபட்டதைத் தம் மனத்தில் நிரப்பிக்கொண்டு படித்துவிடுவார். முன்பின் படிக்காத ஏழு பேருக்கு அந்தப் பழக்கம் இல்லை. 'இந்தப் பாட்டை ஏன் ஒப்பாரி என்கிறீர்கள், தாலாட்டு என்றும் சொல்லலாமே' என்று ஒருவர் கேட்டால், அந்த இடத்தில் ஒரு பத்தி குறைகிறது என்பது உங்கள் மகளுக்கே தெரிந்துவிடும்.

இது புதிய கருத்தும் அன்று. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும், உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால் வரும், பிறருக்கு எடுத்துரைத்தால் மீதி அரையும் வரும் என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. தமிழ் மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற நூற்பாதான். வகுப்பறையில் அதை நடத்திக் காட்டத்தான் ஆளில்லை. கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் என்னும் இருவர் 2009-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர்களில் ஒரு பிரிவினர் பிறர் எழுத்துக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பழகினார்கள். மறு பிரிவினர் கருத்தைப் பெற்றுத் திருத்த மட்டும் பழகினார்கள். கருத்துச் சொன்னவர்களின் சொந்த எழுத்தே, குறிப்பாகத் தொடக்க நிலையில் இருந்தவர்களுடையது, கூடுதலாக முன்னேறியிருந்தது. எனவே உங்கள் மகள் கூச்சம் தீரும்வரை முதல் இரண்டு வாரம் தம்முடையதை வாசிக்காமல் மற்றவர்களுடையதைப் பற்றிப் பேசினாலும், அதுவும் பயிற்சிதான்.

தலைப்புத் திருட்டைப் பற்றி எச்சரித்தவர் யார் என்பதைக் கவனியுங்கள். ஏழு பேரும் ஓர் ஆசிரியரும் கேட்க வாசித்த இயலுக்கு எட்டுச் சாட்சிகள் இருக்கிறார்கள். கடைக் கணினியில் விட்டுவந்த கோப்புக்குச் சாட்சி யார்? தட்டச்சும் பைண்டிங்கும் மட்டும் செய்கிற நேர்மையான கடைகள் உண்டு, அவற்றைச் சொல்லவில்லை. 'ப்ராஜெக்ட் சென்டர்' என்று பலகை மாட்டிக்கொண்டு, சென்ற ஆண்டு யாரோ கொடுத்த ஆய்வேட்டில் ஊர்ப் பெயரை மாற்றி இந்த ஆண்டு வேறொருவருக்கு விற்பவர்களைச் சொல்கிறேன். மாணவர்கள் கூடி உட்கார்ந்து தாமே எழுதத் தொடங்கினால் அவர்களுக்கு வியாபாரம் இல்லை. 'ஒப்புமை விழுக்காட்டைக் குறைத்துத் தருகிறோம்' என்பது அவர்களின் அடுத்த வலை. ஆய்வேட்டில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அளவுதான் ஒப்புமை. சொற்களை மாற்றிப் போட்டு மென்பொருளை ஏமாற்றுவதற்குத்தான் அந்தப் பெயர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் குறித்த காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அப்போது கடைக்காரர் உடன் வரமாட்டார். இந்த விதிகளைச் சுவரில் ஒட்டிவைக்கும் துறைகளில்கூட, ஓர மார்ஜின் எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்கும் நெறியாளர்கள் உள்ளே ஓர் இயலையாவது முழுக்கப் படிக்கிறார்களா என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் உங்கள் மகள் கட்டாயம் நிதானிக்க வேண்டும். அவருடையது கள ஆய்வு. ஒப்பாரி பாடிய பெண் தம் கணவர் எப்படி இறந்தார், பங்காளிகள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பார். அதை அவர் சொன்னது உங்கள் மகளிடம், எட்டுப் பேரிடம் அன்று. பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. குழுவில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்து, 'கண்மாய்க்கரையில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா' என்று ஒரு வரி வந்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஊர், தொழில், சாதி, உறவுமுறை என எதெல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்குமோ அதையெல்லாம் நீக்கிய படியைத்தான் குழுவுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஒலிப்பதிவை அங்கே ஒலிக்கவிடக் கூடாது. நகல் கொடுத்தால் முடிந்ததும் திரும்ப வாங்கிவிட வேண்டும். அப்படியும் மறைக்க முடியாத பகுதி, தனி ஆசிரியரிடமும் நெறியாளரிடமும் மட்டும் போகட்டும்.

பட்டறையில் எழுதியவர் வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருக்க, மற்றவர்கள் தமக்கு என்ன புரிந்தது, எங்கே வழி தவறியது என்று சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகளைக் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரிடம் போகச் சொல்லுங்கள். 'அருமை' என்று கைதட்டிவிட்டுச் சான்றிதழ் தருகிற இடமாக அது மாறினால், அன்றே நிறுத்திவிடலாம்.

பேருந்து நேரத்துக்குத் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வெளியூரிலிருந்து வந்துபோகும் மாணவர்களின் பெற்றோர் இன்னும் இருவரிடம் கையெழுத்து வாங்கி, மதியத்துக்கு மேல் உள்ள வகுப்பு நேரத்திலேயே பட்டறையை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். விடுதி மாணவர்களை மட்டும் மனத்தில் வைத்துக் கால அட்டவணை போடுவது நம் கல்லூரிகளின் பழைய வழக்கம், கேட்காதவரை மாற்றமாட்டார்கள்.