மறு: நியூசிலாந்து தென் தீவு, ஆற்றோர நடை, ட்ரவுட் மீன்பிடிப்பு: எந்த ஷூ?

நாலு மணி நேரம் நடக்கவும் வேண்டும், ஆற்றில் இறங்கவும் வேண்டும். கையில் இருப்பது நீர்புகா தோல் பூட், நண்பர் தருவதாகச் சொல்வது ஃபெல்ட் (அமுக்கிச் செய்த நார்த்துணி) அடி வைத்த பூட். இதுதானே உங்கள் சிக்கல்?

ஃபெல்ட்டை முதலில் மறந்துவிடுங்கள். டிடிமோ என்ற பாசி 2004-ல் அங்கே தென்பட்டது. ஈரம் காயாத ஃபெல்ட்டில் அது ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும் என்பதால், 2008-லிருந்து நன்னீர் மீன்பிடிப்பில் ஃபெல்ட் அடிக்குத் தடை.

நீர்புகா பூட்டும் சரிவராது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் உள்ளே போனது வெளியே வராது. நான் ஒருமுறை கழற்றிக் கவிழ்த்தபோது அரை டம்ளர் கொட்டியது; அதற்குள் குதிகால் தோல் உரிந்துவிட்டது.

வலைத்துணி மேல்பாகம், ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் அடி, கெட்டியான முன்முனை. இப்படி ஒரு நடை ஷூ போதும். நியோப்ரீன் (நுரை ரப்பர்) சாக்ஸ் போடுவதென்றால் அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள், பெரும்பாலும் அரை சைஸ் கூடும். செருப்பு வேண்டாம், கூழாங்கல் புகுந்து உயிரை எடுக்கும். பாசிப் பாறையில் ரப்பரும் வழுக்கத்தான் செய்யும். கையில் ஒரு கோல் இருக்கட்டும்.

ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது டிடிமோ ஒட்டி வராமல் இருக்க, லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஷூவை நன்றாக ஊறவையுங்கள். அதற்குப் பதில் காயவிடுவதென்றால், தொட்டால் ஈரம் தெரியாத நிலைக்கு வந்த பிறகும் இன்னொரு 48 மணி நேரம் விட வேண்டும். மூன்று நாள் பயணத்தில் அது நடக்காது, திரவத்தையே எடுத்துப் போங்கள்.