நெஞ்சு அடித்துக்கொண்டால் ஆபத்து என்றுதான் அர்த்தமா?

கேள்வி: புது வேலை. மீட்டிங்கில் என் ரிப்போர்ட்டில் இருக்கும் தப்புகளை மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லும்போது கை சில்லிட்டுப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது. சீனியர் ஒருவர் தினமும் "வண்டியில கொண்டுபோய் விடறேன்" என்று வந்து நிற்கும்போதும் அதே படபடப்பு. வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. நான்தான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேனா?

பதில்: இல்லை, நிச்சயமாக இல்லை. படபடப்பை மட்டும் வைத்து எது வெறும் சங்கடம், எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. பயமோ கோபமோ, அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தம் தசைகளுக்குப் பாயும், கை குளிர்ந்துவிடும்; வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். எதிரே இருப்பது அவமானமா ஆபத்தா என்பதை அந்தப் படபடப்பு சொல்லாது.

அதனால் எதிராளி என்ன செய்கிறார் என்று பாருங்கள். மேனேஜரிடம் "இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டால் என்ன நடக்கும்? அவர் முகம் சுளிக்கலாம், நீங்கள் கூசிப்போகலாம், ஆனால் பேச்சு ரிப்போர்ட்டைப் பற்றித்தான் இருக்கும். இந்தச் சங்கடத்தைத் தவிர்த்துத் தவிர்த்து ஒதுங்கினால் பயம் இன்னும் கூடும், இருந்து பழகினால் பெரும்பாலும் மெல்லக் குறையும். (திட்டும் மிரட்டலும் சேர்ந்தால் அது வேறு கதை.)

சீனியர் விஷயம் அப்படி இல்லை. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, அவர் மறுநாளும் வந்து நிற்கிறார். உங்கள் மறுப்பு அவர் காதில் விழாமல் இல்லை, விழுந்தும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்குக் கவலை தருவது அதுதான். அடுத்து வழியை மறிப்பது, தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருவது, "யார்கிட்டயும் சொல்லாதே" என்பது, மறுத்தால் வேலையைக் காட்டிப் பயமுறுத்துவது, இதில் ஒன்று வந்தாலும் 'நான் தப்பாக நினைக்கிறேனோ' என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், ஆட்கள் இருக்கும் பக்கம் போய்விடுங்கள். பயத்தில் சிரித்து மழுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, பயந்தவர்கள் பலர் அப்படித்தான் செய்வார்கள், அது சம்மதம் ஆகாது.

அடுத்த முறை காரணம் எதுவும் சொல்லாமல் "நான் வரல, இனிமே கேட்காதீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். இதுவரை நடந்ததைத் தேதி, நேரம், சொன்ன வார்த்தையோடு இன்றைக்கே எழுதிவையுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், கிளம்பும்போது துணைக்கு யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வந்து நின்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.