ரசிக்க நேரமில்லை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். பகல் முழுவதும் அவன் பின்னாலேயே ஓடுகிறேன். ஆனால் இரவு படுக்கும்போது இன்று என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. துணியை மடித்து வைத்தால் கலைக்கிறான். கலைத்ததை ஒவ்வொன்றாக என்னிடமே கொண்டுவந்து தருகிறான். ஒரே படப் புத்தகத்தை ஓயாமல் படிக்கச் சொல்கிறான்.

பார்ப்பவர்கள் எல்லோரும் “இந்த வயது திரும்ப வராது, அனுபவித்துக்கொள்” என்கிறார்கள். கணவர் மாலையில் வந்ததும் போனில் படம் எடுத்துத் தள்ளுகிறார். அவருக்கு எல்லாமே அழகாகத் தெரிகிறது. எனக்கு ரசிக்கவே நேரமில்லை. ரசிக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேறு. இவை எதுவும் அவன் நினைவில் நிற்கப்போவதில்லையே, பிறகு எதற்கு இவ்வளவும் என்று சில சமயம் தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம். அந்தப் புத்தகத்தையாவது மாற்றலாமா?

ம.

அன்புள்ள ம.,

“அனுபவித்துக்கொள்” என்பவர்களை முதலில் ஒதுக்கிவைப்போம். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள். தூங்காத இரவுகளை மறந்துவிட்டு மழலையை மட்டும் வடிகட்டி வைத்திருப்பவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சேரும் வயதுக்காரன்தான் என்பதால் சொல்கிறேன், எங்கள் நினைவாற்றலை நம்பாதீர்கள். மகிழ்ச்சியாக இரு என்று யாருக்கும் உத்தரவு போட முடியாது. போட்டால், துவைப்பது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது என்று நீளும் வேலைகளோடு ரசிப்பதும் ஒரு வேலையாகச் சேர்ந்துகொள்ளும். உங்களுக்கு நேர்ந்திருப்பது அதுதான்.

ஆகவே ரசிப்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். வேடிக்கை பாருங்கள். சாலையில் பள்ளம் தோண்டினால் நின்று பார்க்கிறோம். நெகிழ்ந்துபோவதற்காக நிற்பதில்லை, என்னதான் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நிற்கிறோம். அந்த மனநிலை போதும்.

உதாரணத்துக்கு, அந்தத் துணி. அவன் கலைக்கிறான் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கொண்டுவந்து தருகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தொமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றரை வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். குழந்தையின் எதிரே ஒருவர் துணி காயப்போடுவார். கிளிப் கைதவறி விழும். குனிந்து எட்டுவார், எட்டாது. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே போய் அதை எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை, பரிசும் கிடையாது. அதே மனிதர் கிளிப்பை வேண்டுமென்றே வீசி எறிந்தபோது குழந்தைகள் அந்த அளவுக்கு அக்கறை காட்டவில்லை. அதாவது, எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்பதைக் கணித்துத்தான் உதவி நடக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அவர்களே செய்த இன்னொரு ஆய்வில், உதவியதற்கெல்லாம் பரிசு பெற்ற குழந்தைகள் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்றும் தெரிந்தது.

இப்போது உங்கள் அறையைப் பாருங்கள். ஒருவர் துணியை எடுக்கிறார், எதையோ செய்கிறார், வைக்கிறார். இன்னொருவர் அவருக்குத் துணி எடுத்துத் தருகிறார். மகனைப் பொறுத்தவரை நீங்கள் இருவரும் சேர்ந்து வேலை பார்க்கிறீர்கள். மடித்த துணி, மடிக்காத துணி என்ற நுணுக்கம் மட்டும்தான் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. மடிக்காத குவியலை அவன் பக்கமும் மடித்ததை அலமாரியின் மேல்தட்டிலும் வையுங்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று சொல்லமாட்டேன். நிச்சயம் முடியாது. ஆனால் உங்களுக்கு எதிராக ஒருவன் வேலை செய்கிறான் என்ற எரிச்சல் குறையும். என் மகள் இந்த வயதில், வெளியே கிளம்புகிறோம் என்று தெரிந்தால் ஆளாளுக்குச் செருப்பு கொண்டுவந்து போடுவாள். ஒரு ஜோடியும் ஜோடியாக இருக்காது. ஆனால் எது யாருடையது என்பதில் அவளுக்குக் குழப்பம் வந்ததே இல்லை.

பின்னால் ஓடுவது பற்றி என்னால் அதிகம் உதவ முடியாது. கரேன் அடால்ஃபின் குழுவினர் 2012-இல் கணக்கெடுத்தபடி, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். உங்கள் மகன் இதைத் தாண்டியவன். களைப்புக்குக் காரணம் தேடி மனசாட்சியைக் குடைய வேண்டியதில்லை. (தூங்கினாலும் தீராத சோர்வு, எதிலும் பிடிப்பின்மை என்று வாரக்கணக்கில் நீண்டால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். அதற்குக் கட்டுரை எழுதுகிறவன் பதில் சொல்லக்கூடாது.)

உங்கள் மகன் நிற்கும் வயது சாதாரணமானதல்ல. பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற ஆய்வாளர் 1972-இல், குழந்தைகளின் மூக்கில் அவர்கள் அறியாமல் சிவப்புச் சாயத்தைத் தடவிக் கண்ணாடி முன்னால் விட்டார். சின்னக் குழந்தைகள் கண்ணாடிக்குள் வேறொரு குழந்தையைப் பார்த்ததுபோல் விளையாடின. ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள்தான் பலருக்கும் கை தன் மூக்குக்குப் போகத் தொடங்குகிறது. அங்கே தெரிவது நான்தான் என்ற செய்தி வந்து சேரும் பருவம் இது. ஒரு பொட்டு வைத்து நீங்களே பார்க்கலாம். இந்த மாதம் கண்ணாடியைத் தொடுவான், இன்னும் சில வாரம் போனால் மூக்கைத் தொடுவான். தொடாவிட்டால் குறையொன்றும் இல்லை, இன்னும் சில வாரம் பொறுங்கள்.

அந்த ‘நான்’ வந்து சேர்ந்த பிறகு வீடு வேறுவிதமாகிவிடும். சார்லஸ் டார்வின் 1839-இல் பிறந்த தம் மூத்த மகனைத் தும்மல், கொட்டாவி உட்பட ஒன்று விடாமல் வேடிக்கை பார்த்துக் குறித்துவைத்தார். 1877-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதில் ஒரு குறிப்பு: இரண்டே கால் வயதில் அந்தப் பையன் தன்னிடம் மிச்சமிருந்த கடைசித் துண்டு இனிப்பு ரொட்டியைத் தங்கைக்குக் கொடுத்தான். கொடுத்த கையோடு, தன் செல்லப் பெயரைச் சொல்லி, “நல்ல டொடி, நல்ல டொடி” என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டான். கொடையும் வாழ்த்துரையும் ஒரே ஆள்! டார்வின் அதற்கு உருகவில்லை. எழுதிவைத்தார், அவ்வளவுதான். நமக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

நினைவு பற்றிக் கேட்டீர்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது எதுவும் நினைவில் இருப்பதில்லை. ‘நான்’ உருவான பிறகுதான் ‘எனக்கு நடந்தது’ என்று ஒன்றைச் சேர்த்துவைக்க முடியும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இதில் வருந்த ஒன்றும் இல்லை. நீங்கள் நடக்கக் கற்றுக்கொண்டதும் உங்களுக்கு நினைவில்லை, நடக்கிறீர்கள். அதோடு, நான்கு வயதானதும் “நான் குட்டியா இருந்தப்போ என்ன பண்ணேன், சொல்லு” என்று வந்து உட்காருவான். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பான். அப்போது போனில் இருக்கும் ஆயிரம் படங்களில் அவன் முகம் கிடைக்கும். எதை எப்படிச் சொன்னான், நாயையும் மாட்டையும் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கம்பளித் தொப்பியையும் ஏன் ‘பௌ பௌ’ என்றான் என்பது கிடைக்காது. அவன் உச்சரிப்பு திருந்திய மறு மாதமே பழைய உச்சரிப்பு உங்களுக்கு மறந்துபோகும். காலண்டரில் ஒரு வரி கிறுக்கிவையுங்கள், போதும். தேதியும் சேர்ந்துவிடும்.

உங்கள் கணவருக்கு எல்லாம் அழகாகத் தெரிவதில் வியப்பில்லை. அவர் கையில் போன் இருக்கிறது, உங்கள் கையில் குழந்தை இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் முழுதாக மாற்றிப் பிடியுங்கள். அன்று நீங்கள் வீட்டில் இருக்கக்கூடாது என்பது முக்கியம்; இருந்தால் துண்டு எங்கே, சாக்ஸ் எங்கே என்று உங்களையே கேட்பார்.

புத்தகத்தை மாற்ற வேண்டாம். ஜெசிக்கா ஹோர்ஸ்ட் குழுவினர் 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். புதிய சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட, ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே அவற்றை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இரு தரப்பினரும் அந்தச் சொற்களைக் கேட்டது சம எண்ணிக்கையில்தான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில் உங்கள் மகனுக்கு ஒரு கெத்து இருக்கிறது, கெடுக்காதீர்கள். சலிப்பு தாங்கவில்லை என்றால் ஒரு பக்கத்தில் யானையைப் பூனை என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். பேச்சு முழுதாக வராவிட்டாலும் எதிர்ப்பு முழுதாக வரும். முதல் தடவை கணவரையே படிக்கச் சொல்லுங்கள், திட்டு அவருக்கு விழட்டும்.

அன்புடன்.