ஸ்டீவ் ஹாரிஸ் ஒலிக்கு முதல் செலவு கம்பிதான்

கேள்வி: ஐயா, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குத் தேவாலயத்தின் பாடல் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். மற்ற நாட்களில் நண்பர்களுடன் சேர்ந்து அயர்ன் மெய்டன் என்ற ஆங்கிலேய ஹெவி மெட்டல் குழுவின் பாடல்களைப் பழகுகிறேன். அதன் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிக்கும்போது கம்பி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) மோதிக் ‘கணக்’ என்று ஒரு ஒலி வருமே, அது எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. என்னிடம் இருப்பது யமஹா டிஆர்பிஎக்ஸ் 174. ஹாரிஸ் பெயரில் வரும் பெடலையும் (ஒலியை மாற்றும் மிதிகருவி) பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) வாங்கினால் போதும் என்கிறார் திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்காரர். மஸ்கட்டிலிருந்து அண்ணன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறார். அவரிடம் எதை வாங்கி வரச் சொல்லலாம்? கையில் 20,000 ரூபாய் இருக்கிறது.
— வாசகர், குளச்சல்

பதில்: கடைக்காரர் தமக்கு எது லாபமோ அதைச் சொல்லியிருக்கிறார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரிசையில் வாங்காதீர்கள்.

1975-இல் கிழக்கு லண்டனில் அயர்ன் மெய்டனைத் தொடங்கியவர் ஹாரிஸ். அன்று முதல் அவர் கையோடு சேர்ந்தே அறியப்பட்டது ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். பிக் என்னும் மீட்டுவில்லை இல்லாமல் விரலால் வாசிப்பவர். கம்பியோ ஃபிளாட்வூண்ட். இந்த மூன்றில் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. டிஆர்பிஎக்ஸ் 174-இல் இரண்டு பிக்கப்புகள் உண்டு அல்லவா? நடுவில் இரண்டு துண்டாகப் பிரிந்து இருப்பது பிரிசிஷன் வகை. கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் இருப்பது ஜாஸ் வகை. பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பின் வால்யூமை முழுதாக மூடிவிட்டு, நடுப் பிக்கப்பையும் ஒலியின் கூர்மையை மாற்றும் டோன் திருகையும் முழுதாகத் திறந்து வாசித்துப் பாருங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறந்து வைத்துக்கொண்டு ‘ஒலி மெலிந்து கிடக்கிறதே’ என்று வருந்துபவர்கள் ஏராளம்.

இனி கம்பி. சாதாரணமாகக் கிட்டாரோடு வருவது ரவுண்ட்வூண்ட். உருண்டையான கம்பியைச் சுற்றியது, தடவினால் சொரசொரவென்று இருக்கும். ஃபிளாட்வூண்டில் தட்டையான உலோக நாடாவைச் சுற்றியிருப்பார்கள், வழுவழுப்பாக இருக்கும். ஃபிளாட்வூண்ட் என்றாலே மந்தமான, பழைய காலத்து ஒலி என்று பலரும் நினைக்கிறார்கள். மோட்டவுன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் வாசித்த ஒலியைக் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றுவது நியாயம்தான். அவர் கம்பியை மாற்றவே விரும்பாதவர். ஹாரிஸ் அதே வகைக் கம்பியில் நேர் எதிரான ஒலியை எடுக்கிறார். கம்பி தடிமனானது, புதியது. அதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் அடிக்கிறார். தட்டையான உலோகம் ஃபிரெட்டில் மோதும்போது எழுவதுதான் நீங்கள் தேடும் அந்தக் ‘கணக்’. எந்தப் பெடலும் அந்த மோதலைப் புதிதாக உண்டாக்கித் தராது. இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

ரோட்டோசவுண்ட் நிறுவனம் ஹாரிஸ் பெயரிலேயே எஸ்எச்77 என்ற கம்பித் தொகுப்பை விற்கிறது. கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 50, 75, 95, 110. சுற்றியிருப்பது மோனல் என்னும் நிக்கல்-செம்புக் கலவை. கப்பல் பாகங்களுக்குப் பயன்படும் உலோகம் இது, கடல் உப்பைத் தாங்கும். குளச்சல் காற்றில் சாதாரணக் கம்பி எவ்வளவு சீக்கிரம் கறுத்துப் போகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் நடுக்கம்பி எஃகுதான் என்பதால், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதை விட்டுவிடாதீர்கள். ஹாரிஸ் பெயர் போட்ட பொருள்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வது இது ஒன்றைத்தான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கிட்டாரில் இப்போது இருப்பது மெல்லிய கம்பியாகத்தான் இருக்கும். 110 அளவுக் கம்பியை ஏற்றினால் இழுவிசை கூடி, கழுத்து முன்பக்கமாக வளையும். கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் ‘நட்’ என்ற பாகத்தின் பள்ளத்தில் தடித்த கம்பி சரியாக உட்காராமலும் போகலாம். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டைத் திருகிக் கழுத்தை நேராக்க வேண்டும், பள்ளத்தை அரத்தால் சற்றே அகலப்படுத்த வேண்டும், பிறகு கம்பியின் உயரத்தை இறக்க வேண்டும். உயரம் அதிகமாக இருந்தால் எவ்வளவு அடித்தாலும் கம்பி ஃபிரெட்டைத் தொடாது. அளவுக்கு மீறி இறக்கினால் எல்லா ஸ்வரமும் இரையும். கை பழகியவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். நீங்களே செய்வதென்றால் ட்ரஸ் ராடை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மரம் ஈரம் குடித்து அசைந்துகொண்டே இருக்கும். ஜூனில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை கழுத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. கம்பிக்கான தொகையோடு இந்த வேலைக்கான கூலியையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

விரலைக் கடையில் வாங்க முடியாது. அயர்ன் மெய்டனின் குதிரைப் பாய்ச்சல் தாளம் ஒரு நெடிலும் இரண்டு குறிலும்: தாம்-தக, தாம்-தக. அதை மெதுவான வேகத்தில், மூன்று அடியும் ஒரே பலத்தில் விழும்வரை பழகுங்கள். வேகம் கூடும்போது ‘தக’ இரண்டும் மெலிந்துபோவதுதான் பெரும்பாலானவர்களின் சிக்கல். அப்போது உங்களுக்குப் பெடல் தேவை என்று கடைக்காரருக்குத் தோன்றிவிடும்.

கோவிலில் நேராக மிக்ஸரில் செருகித்தானே வாசிக்கிறீர்கள்? உயரமான கூரையும் வழுவழுத்த தரையும் உள்ள கட்டடத்தில் கீழ்ச்சுருதி எல்லாம் குழம்பி உருளும். பேஸ் திருகை ஏற்றாமல் 250 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைச் சற்றுக் குறைத்து, 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் கூட்டும்படி மிக்ஸரை இயக்குபவரிடம் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் காதைக் கீறும். இரண்டு கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்தால்தான் அதன் அருமை தெரியும். திருப்பலியில் மட்டும் டோனைப் பாதியாக இறக்கிவிடுங்கள். பங்குத்தந்தை அயர்ன் மெய்டன் ரசிகராக இருக்க வாய்ப்பு குறைவு.

பெடலைப் பற்றி: டெக் 21 நிறுவனத்தின் ஹாரிஸ் பெடல் எஸ்எச்1 நல்ல பொருள்தான், ஆனால் அதன் விலையில் ஒரு பங்கு பெயருக்கானது. கம்பியும் கழுத்து வேலையும் முடிந்த பிறகும் ஆசை அடங்கவில்லையென்றால், மிக்ஸருக்கு நேராகச் செல்லும் டிஐ வசதி உள்ள ஏதாவது ஒரு பேஸ் பிரீஆம்ப் (ஒலியைக் கூட்டிச் சீராக்கும் கருவி) போதும். சீமோர் டங்கனின் ஹாரிஸ் பிக்கப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்காகக் கிட்டாரின் உள் இணைப்பைப் பிரித்துச் சால்டரிங் சூட்டுக்கோல் வைத்தால் உத்தரவாதம் போகும்.

அண்ணனிடம் கம்பி இரண்டு தொகுப்பு வாங்கி வரச் சொல்லுங்கள். எடையும் இல்லை, உடையவும் உடையாது. உறையில் ‘லாங் ஸ்கேல்’ என்றும் 34 அங்குலம் என்றும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆம்ப் மாதிரியான மின்பொருள் வேண்டாம். ஓமானிலும் 240 வோல்ட்தான், ஆகவே மின்சாரத்தால் தொல்லையில்லை. ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் செல்லும் என்று எழுத்தில் இல்லாவிட்டால், பழுதானால் செலவு உங்களுடையதே.

கேள்வி: இணையத்தில் ஃபிளாட்வூண்ட் கம்பி வாங்கினேன். உறையைப் பிரித்தால் இரண்டு கம்பிகளில் துருப் புள்ளிகள். ‘பிரித்த கம்பியைத் திரும்பப் பெறமாட்டோம்’ என்கிறார் விற்பனையாளர். பில்லில் எந்த நிபந்தனையும் இல்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பிரிக்காமல் துருவை எப்படிப் பார்ப்பதாம்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாட்கள். கம்பியைக் கிட்டாரில் ஏற்றாமல், உறையோடு சேர்த்துப் படம் எடுத்து, எழுத்து மூலமாக முறையிடுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இருக்காது.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவுசெய்யுங்கள். ஒரு கம்பித் தொகுப்புக்கு இந்த அளவே பெரும்பாலும் போதும். வழக்குத்தான் என்றால் விற்பனையாளர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டாம். வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம் என்கிறது சட்டம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

உறையை இன்னொரு முறை பாருங்கள். வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சாகியிருக்க வேண்டும். அவை இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள். போலிக் கம்பியாக இருக்கவும் கூடும்.

கேள்வி: திருமணக் கச்சேரிக் குழுவில் வாசிக்கும் ஒருவர் தம் பழைய பிரிசிஷன் பேஸை விற்கிறார். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— வாசகி, தக்கலை

பதில்: கழுத்தை நுனியிலிருந்து ஒரு கண்ணால் நோக்குங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டிப் பாருங்கள். ட்ரஸ் ராடு இரு பக்கமும் அசைகிறதா, பிரிட்ஜ் திருகுகள் துருவில் இறுகிவிட்டனவா என்பதை அவர் முன்னிலையிலேயே சோதித்துவிடுங்கள். ‘ஃபெண்டர்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் வரிசை எண்ணைச் சரிபாருங்கள்; தலைப்பகுதியில் ஒட்டும் ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கிறது. இன்னொன்று: அவர் வியாபாரி இல்லை, தம் சொந்தப் பொருளை விற்கும் தனிமனிதர். பிறகு குறை தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. ஆகவே ஆம்பில் செருகி அரைமணி நேரம் வாசித்த பிறகே பணத்தை எடுங்கள்.