உத்தரிக்கிற ஸ்தலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) குடும்பத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது ஆர்.சி. (கத்தோலிக்க) வீட்டில். சென்ற வருடம் மாமியார் காலமானார். அடுத்த மாதம் வருடப் பூசை. உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சம் போகுமுன் சுத்தமாகும் இடத்தில், இருக்கும் ஆத்துமா சீக்கிரம் மோட்சம் சேர வேண்டும் என்கிறார்கள் வீட்டில். என் அண்ணனோ, “அப்படி ஓர் இடம் எந்த வசனத்தில் இருக்கிறது, காட்டு பார்ப்போம். சிலுவையில் சிந்திய இரத்தம் போதாதென்றா பூசைக்குக் காசு கொடுக்கிறீர்கள்?” என்கிறான். வீட்டாரைக் கேட்டால் மக்கபேயர் புத்தகத்தைச் சொல்கிறார்கள். என் பைபிளில் அந்தப் புத்தகமே இல்லை. நான் அந்தப் பூசையில் போய் உட்காரலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் கேட்கிறபடி ஊரும் பேரும் போட்ட வசனம் எதுவும் கிடையாது. லத்தீனில் அந்த இடத்துக்கான பெயர்ச்சொல்லே 12-ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வருகிறது. ஆனால் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் வழக்கம் அதைவிட ஆயிரம் வருடத்துக்கும் மேல் மூத்தது. வழக்கம் முந்தி, கோட்பாடு பிந்தி. பூசை வைக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் இந்த வரிசையை மறந்துவிட்டுத்தான் வசனம் வசனமாக மல்லுக்கட்டுகிறார்கள்.

உங்கள் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், வீட்டாருடையதில் 73. ‘திருவிவிலியம்’ என்ற பொது மொழிபெயர்ப்பில் இணைத்திருமுறை நூல்கள் என்ற கூடுதல் பகுதிக்குள் மக்கபேயர் இருக்கும். இரண்டாம் நூலில் 12-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டுச் சம்பவம். எதிரித் தளபதி கோர்கியாவின் படையோடு நடந்த சண்டை முடிந்து, ஓய்வுநாளும் கழிந்தபின், விழுந்தவர்களை எடுத்து அடக்கம் செய்ய யூதர்களின் படைத்தலைவன் யூதா மக்கபே ஆட்களோடு போகிறான். பிணத்தைத் தூக்கினால் உள்ளாடைக்கு அடியில் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து. அடுத்த பிணத்திலும் தாயத்து. செத்த ஒவ்வொருவனிடமும் இருக்கிறது. கடவுளுக்காகப் போரிட்டவர்கள்தான், உயிர்ப்பயத்தில் வேறொரு சாமியையும் மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். யூதா அவர்களைச் சபித்துவிட்டு நகரவில்லை. பாவம் துடைக்கப்பட வேண்டும் என்று எல்லாரும் மன்றாடுகிறார்கள். ஆளுக்கு ஆள் வசூல் செய்து சுமார் 2,000 வெள்ளிக் காசு சேர்த்து, பாவப் பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறான். செத்தவர்கள் எழுவார்கள் என்று நம்பாதவனுக்கு இது வீண்வேலை என்கிறார் ஆசிரியர்.

கத்தோலிக்கர்கள் கைநீட்டிக் காட்டும் இடம் இதுதான். இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சிலை வழிபாடு கத்தோலிக்கக் கணக்கில் சாவான பாவம், மனம் திரும்பாவிட்டால் நரகத்தில் தள்ளும் பெரும் பாவம். உத்தரிக்கிற ஸ்தலமோ தேவ இஷ்டப்பிரசாதத்தோடு, அதாவது கடவுளின் அருளில், இறந்தவர்களுக்கு மட்டும். அப்படியானால் அந்த வீரர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பங்குச் சாமியாரிடம் கேட்டுப்பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். என் வாசிப்பில் இந்தப் பகுதி அந்த இடத்தை நிரூபிக்கவில்லை. இறந்தவர்களுக்காக வேண்டுவது அர்த்தமுள்ள காரியம் என்று யூதர்கள் கிறிஸ்துவுக்கு முன்பே நம்பினார்கள் என்பதை நிரூபிக்கிறது. அதுவே பெரிய விஷயம்தான். மோட்சம் சேர்ந்தவருக்கு மன்றாட்டு தேவையில்லை, நரகத்தில் விழுந்தவருக்குப் பயனில்லை. ஆகவே இடையில் ஒரு நிலை இருந்தாக வேண்டும். திருச்சபை பிற்பாடு இப்படித்தான் யோசித்துக்கொண்டு போனது.

அண்ணனும் ஏற்கிற புத்தகம் வேண்டுமென்றால் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரம். கிறிஸ்து என்ற அஸ்திவாரத்தின்மேல் ஒருவன் பொன், வெள்ளி வைத்துக் கட்டுகிறான். இன்னொருவன் மரம், புல், வைக்கோல். அந்த நாளில் நெருப்பு சோதிக்கும். கட்டியது வெந்துபோனாலும் கட்டியவன் தப்புவான், தீக்குள் அகப்பட்டுத் தப்பியவனைப்போல. பவுல் அங்கே சபையைக் கட்டும் ஊழியர்களைப் பற்றிப் பேசுகிறார் என்று உங்கள் அண்ணன் சொல்வார், சரிதான். ஆனாலும் இரட்சிக்கப்பட்டவனுக்கும் ஒரு சூடு உண்டு என்பது அந்த வரியில் இருக்கிறது. இரத்தம் போதாதா என்ற கேள்விக்குப் பதிலும் இங்கேதான். கத்தோலிக்கப் போதனைப்படி உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிறவர்கள் அந்த இரத்தத்தால் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள். ஒருவர்கூட அங்கிருந்து நரகத்துக்குப் போவதில்லை. ஒரு பாவம் இம்மையிலும் மறுமையிலும் மன்னிக்கப்படாது என்கிற மத்தேயு 12:32-ஐயும், மறுமையில் மன்னிக்கப்படும் பாவமும் உண்டு என்பதற்காக எடுத்து வருவார்கள். அதன்மேல் அவ்வளவு பாரம் ஏற்ற முடியாது என்று நினைக்கிறேன்.

தமிழ்ப் பெயரையும் கவனியுங்கள். லத்தீன் சொல் சுத்திகரிப்பைக் குறிக்கிறது. நம் முன்னோர் போட்ட சொல் உத்தரித்தல்: பட்டுத் தீர்ப்பது, ஈடுகட்டுவது. யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் சாதாரணமாகப் பாடுபடுவதற்கே அந்தச் சொல் உண்டு. நெருப்பும் சங்கிலியுமாக நாம் பயந்ததில் பாதி, இந்தச் சொல்லும் கோயில் சுவரில் மாட்டிய படங்களும் செய்த வேலை. அது இடமல்ல, ஒரு நிலை என்று 1999-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் தெளிவாகவே சொன்னார்.

காசு விஷயத்தில் அண்ணன் பக்கம் நியாயம் அதிகம். பெட்டியில் காசு விழுந்து ஒலித்ததும் ஆத்துமா பறந்துவிடும் என்று பிரசங்கித்த வரலாறு இருக்கிறது. 1517-இல் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் பிடித்துக்கொண்டது அதைத்தான். (உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்று அப்போது அவர் சொல்லவில்லை என்பதை அண்ணனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.) 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான திரெந்து சங்கமும் அந்த ஸ்தலம் உண்டென்று உறுதிப்படுத்திய கையோடு, அதை வைத்துக் காசு பார்ப்பதையும் மூடநம்பிக்கை வளர்ப்பதையும் தடைசெய்தது. எத்தனை பூசைக்கு எத்தனை நாள் குறையும் என்று யாராவது கணக்குச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பூசைக்குப் போங்கள். பெயர் எழுதிக்கொடுக்கும்போது மட்டும் ஞானஸ்நானப் பெயரோடு வீட்டில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். என் பாட்டியின் வருடப் பூசையில் ஞானஸ்நானப் பெயரை மட்டும் வாசித்தார்கள். குடும்பத்தில் பாதிப்பேர் யாருக்கோ பூசை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.