தலையும் தோலும் இல்லாம வந்த மீன் பேத்தையா இருந்தா?

கேள்வி: அண்ணே வணக்கம், எனக்கு தூத்துக்குடி. வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து மீன் விக்கிறவர்ட்ட ஒரு கிலோ வாங்குனேன், தலை, தோல், குடல் எல்லாம் எடுத்து வெள்ளையா துண்டு துண்டா வந்துச்சு. என்ன மீனுன்னு கேட்டா "நல்ல மீன்க்கா, சாப்ட்டுப் பாருங்க"ங்கிறார். அத்தை பாத்துட்டு இது பேத்தை, அதான் பந்து மாதிரி உப்புற விஷ மீன், அது மாதிரி இருக்குங்கிறாங்க, பக்கத்து வீட்ல நல்லா கொதிக்க வச்சா விஷம் போயிடும்னு சொல்றாங்க. சமைக்கலாமா? காசு திரும்பக் கேக்கலாமா?

பதில்: சமைக்காதீங்க தங்கச்சி. கொதிக்க வச்சாலும் பொரிச்சாலும் பேத்தையோட விஷம் போகாது. அதுக்கு டெட்ரோடாக்ஸின்னு பேரு, ரெண்டு மில்லிகிராம் அளவே ஒரு ஆளுக்கு எமனாகலாம், வாசனை ருசி எதுலயும் தெரியாது. ஈரல்லயும் சினையிலயும்தான் ரொம்ப அதிகம், தோல் குடல்லயும் இருக்கு, அதான் சுத்தம் பண்ணியாச்சேன்னு சில பேர் தைரியமா சாப்பிடுறாங்க, ஆனா சில பேத்தையில சதையிலயே விஷம் ஏறியிருக்கும், அதுவும் பாக்க விஷம் கம்மியான வகை மாதிரியேதான் இருக்கும், ஜப்பான்லயே இந்தக் குழப்பத்துல ஆளுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க.

நம்ம பக்கக் கடல்லயும் இருக்கிற வெள்ளிப் பட்டை பேத்தைய முழுசா பாத்தா கண்டுபிடிச்சிடலாம். முதுகுல கருப்புப் புள்ளி, பக்கவாட்டுல வாயிலருந்து வால் வரைக்கும் பளபளன்னு வெள்ளிக் கோடு, செதில் கிடையாது, வயித்துல கை வச்சா சொரசொரங்கும். வாயைத் திறந்தா மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு நாலே பல்லு, கிளி மூக்கு மாதிரி, வலையையே கடிச்சுத் துண்டாக்கிடும். ஒரு மீட்டருக்கு மேல வளரும். சூயஸ் கால்வாய் வழியா மத்தியதரைக் கடலுக்குப் போய் 2003-ல துருக்கியில மொதல்ல பிடிபட்டுச்சு, இப்ப அங்க இதைப் பிடிச்சுக் குடுக்கிற மீனவங்களுக்கு அரசாங்கமே காசு குடுக்குது. ஐரோப்பிய யூனியன்ல இந்தக் குடும்பத்து மீனை விக்கவே கூடாது.

பிரச்னை என்னன்னா நான் சொன்ன அடையாளம் எதுவும் உங்க கையில இருக்கிற துண்டுல இல்ல, எல்லாத்தையும் உரிச்சுட்டுத்தான் குடுத்திருக்கார். 2007-ல சிகாகோவுல மாங்க்ஃபிஷ்ங்கிற விஷமில்லாத கடல் மீன்னு சொல்லி வித்த மீனை வீட்ல சூப் வச்சு குடிச்ச ரெண்டு பேருக்கு உடம்புக்கு முடியாம போச்சு, டெஸ்ட் பண்ணா இதே விஷம். என்ன மீனுன்னு வாயால சொல்ல மாட்டேங்கிறவர்ட்ட வாங்கவே வாங்காதீங்க, தலை தோலோட பாத்து கண்ணு முன்னாடி வெட்டச் சொல்லுங்க.

வீட்ல யாராவது ஏற்கனவே ருசி பாத்திருந்தா உதடு நாக்கு மரத்துப் போறது, கை கால் தளர்றது, வாந்தின்னு ஏதாவது தெரியுதான்னு பாருங்க, பெரும்பாலும் அரை மணி ஒரு மணி நேரத்துலயே தெரிஞ்சிடும், சில சமயம் சில மணி நேரம் கழிச்சும் வரலாம். தெரிஞ்ச உடனே 108 கூப்பிடுங்க, நாட்டு வைத்தியம் எதையும் பாத்துட்டு உக்காராதீங்க. இதுக்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சு விடுற தசை வேலை செய்யாம போயிடும், வென்டிலேட்டர் வச்சு மூச்சை ஓட்டிட்டா பெரும்பாலும் பிழைச்சுக்குவாங்க.

காசு கண்டிப்பா கேக்கலாம். அவர் போட்ட மெசேஜ், ஜிபே ரசீது ரெண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. பாதுகாப்பில்லாத உணவை விக்கிறது 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துல எழுதிக் குடுங்க, நுகர்வோர் உதவி எண் 1915-லயும் புகார் பதியலாம். மீனை ரெண்டு கவர்ல கட்டி "விஷம், தொடாதே"ன்னு எழுதி ஃப்ரீசர்ல தனியா வைங்க, ஆபீஸர் சாம்பிள் கேட்டா வேணும், பூனைக்குப் போட்டுடாதீங்க.